மருந்துக் கடையில் கருணை

அசோகர் தன் இரண்டாவது பெரும்பாறைக் கல்வெட்டில் எங்கள் மண்ணைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர், அப்புறம் இலங்கை என்று தன் ஆட்சிக்கு வெளியே இருந்த நாடுகளை வரிசையாகச் சொல்லி, அங்கெல்லாம் இரண்டு வகை மருத்துவத்துக்கு ஏற்பாடு செய்திருப்பதாக எழுதுகிறார். ஒன்று மனிதருக்கு, இன்னொன்று விலங்குகளுக்கு. மூலிகை எங்கெங்கே இல்லையோ அங்கே கொண்டுபோய் நட்டார்கள். கிழங்குகளும் பழங்களும் அப்படியே. வழிநெடுகக் கிணறு வெட்டினார்கள், மரம் வைத்தார்கள்.

இதில் வரும் சத்தியபுத்திரர் யார் என்று அறிஞர்கள் ரொம்ப காலம் வாதம் செய்தார்கள். 1981இல் திருக்கோவிலூர் பக்கம் ஜம்பையில் ஒரு தமிழ்பிராமிக் கல்வெட்டு கிடைத்தது. ‘சதியபுதோ அதியந் நெடுமாந் அஞ்சி ஈத்த பளி’ என்று அதில் இருந்தது. அதியமான் நெடுமான் அஞ்சி துறவிகளுக்குக் கொடுத்த இருப்பிடம். அதியமானின் தலைநகர் தகடூர், இன்றைய தர்மபுரி. ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவரின் குலப்பெயர் அசோகரின் கல்வெட்டில் இருக்கிறது என்பதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் பென்னாகரம் பக்கம் மருந்துக் கடை வைத்திருக்கிறேன். மனிதருக்கும் மாட்டுக்கும் மருந்து கேட்டு ஆட்கள் வரும் கடை. அதனால் அந்தக் கல்வெட்டைத் திரும்பத் திரும்ப யோசிப்பேன். கலிங்கப் போரில் செத்தவர்களை நினைத்து மனம் கலங்கிய ஓர் அரசர், இனி தர்மத்தின் வழி என்று திரும்பியதும் மருந்தும் தண்ணீரும் நிழலும் தரப் பார்க்கிறார். ‘எங்கெங்கே இல்லையோ அங்கே’ என்கிற அந்த இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. எந்த ஊரில் எந்த மூலிகை இல்லை என்று யாரோ போய்ப் பார்த்துக் கணக்கெடுத்திருக்க வேண்டும். எந்த வழியில் கிணறு இல்லை என்று விசாரித்திருக்க வேண்டும். கருணை என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி இந்த விசாரிப்புதான் என்பது என் எண்ணம்.

பௌத்தம் எங்கள் வீட்டுக்குக் கோலார் தங்கவயல் வழியாக வந்தது. பெரியப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளை தங்கவயலில் நன்றாக வேர்விட்டிருந்தது. மாரிக்குப்பம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாகப் பஞ்சசீலம் என்கிற ஐந்து ஒழுக்க உறுதிமொழியைச் சொல்லி வந்தன. 2001இல் சுரங்கம் மூடப்பட்டதும் பெரியப்பா ஊருக்கே திரும்பிவிட்டார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை உட்காரவைத்து மணிமேகலையின் கடைசிக் காதையை வாசிப்பார். பாதி புரியும், பாதி புரியாது. ஆனால் ஓர் இடம் அப்போதே மனதில் ஒட்டிக்கொண்டது. பற்று, பகை, மயக்கம் என்கிற மூன்று நோய்க்கும் மணிமேகலையின் குரு அறவண அடிகள் தனித்தனி மருந்து சொல்கிறார். பற்றுக்கு நிலையாமையை எண்ணிப் பார்ப்பது. பகைக்கு மைத்திரி என்கிற நேசம், கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழும் முதிதை. மயக்கத்துக்கு மட்டும் நான்கு படி:

‘சுருதி சிந்தனா பாவனா தரிசனை
கருதி உய்த்து மயக்கம் கடிக.’

முதலில் கேள், அப்புறம் யோசி, பழகு, அதன்பின் நேரே பார். பெரியப்பா இதைச் சொல்லிவிட்டு, “கேட்டதோட நிக்கிறவன்தான்டா நம்ம ஊர்ல நெறைய” என்பார். எனக்கு பாலி தெரியாது, தியான முகாம்களுக்குப் போய் வந்த பழக்கமும் பெரிதாக இல்லை. கடையில் நிற்கும் நேரம்தான் எனக்குக் கிடைத்த பயிற்சி.

கடைக்கு வரும் வயதானவர்கள் அதிகம் கேட்பது மூட்டுவலிக்குத்தான்.

“தம்பி, போன வாரம் சந்தைக்குப் போனப்ப ஒரு கடையில செட்டு மாத்திரை குடுத்தாங்க. ரெண்டு நாள்ல எந்திரிச்சு களை வெட்டப் போயிட்டேன். அதே மாதிரி குடு சாமி.”

செட்டு மாத்திரை என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அட்டையிலிருந்து பிரித்து, ஒரு சின்னக் காகித உறையில் போட்டுக் கொடுக்கும் கலவை. ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, அதோடு பொடிசாக ஒரு ஸ்டீராய்டு. அந்தப் பொடிசுதான் வேலை செய்வது. வலி போகும், பசி எடுக்கும், உடம்பில் தெம்பு வந்த மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். நெடுநாள் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலோ உயிருக்கே ஆபத்து. கூட இருக்கும் வலி மாத்திரை சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம்பார்க்கும்.

அந்த ஆயாவின் கையைப் பார்த்தால் கொடுக்கத்தான் தோன்றும். விரல் மடங்காது, முட்டி வீங்கியிருக்கும், வெயிலில் நடந்து வந்திருப்பார். இரக்கம் உள்ள யாருக்கும் அந்த நேரத்தில் வலியை நிறுத்து என்றுதான் மனம் சொல்லும்.

இந்த இடத்தில் எனக்குக் கைகொடுப்பது, பிக்குகளின் ஒழுக்க விதிகளைச் சொல்லும் விநய பிடகத்தில் வரும் ஒரு சம்பவம். வயிற்றுப்போக்கு கண்ட ஒரு பிக்கு தன் மலத்திலேயே விழுந்து கிடக்கிறார். அவரால் மற்ற பிக்குகளுக்கு உபகாரம் எதுவும் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. புத்தரும் ஆனந்தரும் அந்தப் பக்கம் வருகிறார்கள். புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் உடம்பைக் கழுவுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு புத்தர் மற்ற பிக்குகளைக் கூப்பிட்டு, எனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்கிறார். இந்தக் கதை பலருக்கும் தெரியும். அதே இடத்தில் அவர் நோயாளியைக் கவனிப்பவருக்கு வேண்டிய ஐந்து தகுதிகளையும் சொல்கிறார், அதை யாரும் அவ்வளவாக எடுத்துச் சொல்வதில்லை. மருந்தைத் தயார் செய்யத் தெரிய வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று தெரிந்து, ஒத்துக்கொள்வதை மட்டும் கொடுக்க வேண்டும். லாபத்துக்காக இல்லாமல் அன்பினால் கவனிக்க வேண்டும். மலம், மூத்திரம், வாந்தி, எச்சில் அள்ள அருவருக்கக் கூடாது. நல்ல சொல் சொல்லி நோயாளியின் மனதைத் தேற்ற வேண்டும்.

முதல் இரண்டும் அறிவு. அன்பு மூன்றாவதாகத்தான் வருகிறது. இந்த வரிசையை அவர் தெரிந்தேதான் வைத்திருப்பார் என்று நான் நம்புகிறேன்.

அதனால் ஆயாவிடம் செட்டு கிடையாது என்று சொல்லிவிடுவேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டுக் கேட்பேன். சர்க்கரை பார்த்திருக்கிறீர்களா, கால் வீங்குகிறதா, எத்தனை மாதமாக இதைத் தின்கிறீர்கள், வீட்டில் என்ன தண்ணீர். ஏற்கெனவே நெடுநாள் தின்றிருந்தால் இன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொல்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று எழுதிக்கொடுத்து அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவேன். சிலர் போவார்கள். சிலர், “மாத்திரை கேட்டா கதை சொல்றான்” என்று திட்டிக்கொண்டே அடுத்த கடைக்குப் போவார்கள். அது வலிக்கத்தான் செய்யும். அப்போது அபய ராஜகுமாரனிடம் புத்தர் கேட்ட கேள்வியை நினைத்துக்கொள்வேன். உன் மடியில் இருக்கும் இந்தக் குழந்தை ஒரு குச்சியையோ கல்லையோ வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய்? ரத்தமே வந்தாலும் விரலை விட்டு எடுத்துவிடுவேன், குழந்தைமேல் எனக்கு இரக்கம் இருக்கிறது என்கிறான் அவன். அங்கேதான் புத்தர் தன் பேச்சின் விதியைச் சொல்கிறார். உண்மையாகவும் பயனுள்ளதாகவும் இருந்தால், கேட்பவருக்குப் பிடிக்காததாக இருந்தாலும் சொல்வேன், ஆனால் காலம் அறிந்து சொல்வேன் என்று. அந்தக் காலம் அறிவது பெரிய விஷயம். கடையில் நாலு பேர் நிற்கும்போது ஒருவரின் நோயைப் பற்றிப் பேசக் கூடாது. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று தவிப்பவரிடம் சிறுநீரகப் பாடம் நடத்தவும் கூடாது.

ஆயா ஏன் அந்த மாத்திரையைத் தேடி வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் படுத்துவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருப்பான், பேரப்பிள்ளைகள் இவர் பொறுப்பில் இருக்கும். அவருக்கு அந்த மாத்திரை வலியைவிடக் கூலிக்கான மருந்து. இது புரிந்த பிறகு அவர்மேல் கோபம் வராது. முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டாயிற்றா என்றும் சேர்த்துக் கேட்பேன். மருந்துக் கடைக்காரன் கேட்கிற கேள்வியா என்றால், ஆமாம்.

தண்ணீரைப் பற்றி ஏன் கேட்கிறேன் என்று வெளியூர்க்காரர்கள் யோசிக்கலாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பூமிக்கடியில் இருக்கும் கருங்கல் பாறையில் அந்தத் தாது இருக்கிறது. தண்ணீர் பாறையோடு கிடக்கக் கிடக்கக் கரைந்து சேர்கிறது. மழை பொய்த்து, போர்வெல் ஆழமாகப் போகப் போக, பாறையிலேயே நெடுநாள் ஊறிய தண்ணீர்தான் மேலே வருகிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தர அளவு. அதற்கு மேல் போனால் வளரும் குழந்தையின் பல்லில் பழுப்புக் கறை விழும். அது தேய்த்தால் போகாது. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பிலும் மூட்டிலும் படிந்து, முதுகு வளையாது, கழுத்து திரும்பாது. எலும்பில் படிந்த பிறகு பழைய நிலைக்குத் திருப்ப மருந்து கிடையாது. இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013இல் தொடங்கி வைத்தார்கள். இன்று ஊரில் ‘ஒகேனக்கல் தண்ணி’, ‘போர் தண்ணி’ என்று இரண்டு பெயர் சொல்லித்தான் பேசுவார்கள்.

கோடை வந்தால் ஊருக்கு ஊர் தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். மணிமேகலையின் அமுதசுரபி போல வந்தவருக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்ற ஆசை நம் இளைஞர்களிடம் நிஜமாகவே இருக்கிறது. போர் தண்ணீரைப் பானையில் ஊற்றி, வெட்டிவேர் போட்டு வைப்பார்கள். ஒரு நாள் குடித்துவிட்டுப் போகிறவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு பந்தல் பள்ளிக்கூட வாசலில் இருந்தது, வருடம் முழுக்க நடந்தது. தினமும் பிள்ளைகள் அதைத்தான் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். பையன்களிடம் சொன்னபோது, “காய்ச்சித்தான்ணா ஊத்துறோம்” என்றார்கள். காய்ச்சினால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையும்போது மிச்சத்தில் அதன் அளவு கூடத்தான் செய்யும். அவர்களுக்கு அது தெரியாது. அவர்களுடைய நல்ல மனதில் ஒரு குறையும் இல்லை. பரிசோதனை செய்தோம், அளவு கூடுதலாக இருந்தது. பந்தலை மூடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பஞ்சாயத்தில் பேசி ஒகேனக்கல் குழாயிலிருந்து ஓர் இணைப்பு வாங்குவதற்குத்தான் காலம் எடுத்தது. பந்தல் அதே இடத்தில் இன்னும் நடக்கிறது.

மாட்டு விஷயத்துக்கு வருகிறேன். கறவை மாட்டுக்கு மடிவீக்கம், காலில் அடி என்றால் மனிதருக்குப் போடும் டைக்ளோஃபினாக் வலி ஊசி கேட்டு வருவார்கள். மாடு வலியில் நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஓடி வருகிறவர்கள்தான் அவர்கள். ஆனால் அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது மாடு செத்து, அதைக் கழுகு தின்றால், கழுகின் சிறுநீரகம் செயலிழந்து சில நாளில் சாகும். இதை ஆராய்ச்சியாளர்கள் 2004இல் உறுதிப்படுத்தினார்கள். அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுக் கழுகு போன்ற இனங்கள் கிட்டத்தட்ட முழுசாக அழிந்துவிட்டன. 2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தடை செய்யப்பட்டது. மனித மருந்தை மாட்டுக்குத் திருப்புவதைத் தடுக்க 2015இல் ஊசிக் குப்பியை 3 மில்லிக்குள் சுருக்கினார்கள். 2023இல் அசிக்ளோஃபினாக்கும் கீட்டோபுரோஃபெனும் தடைப் பட்டியலில் சேர்ந்தன. கழுகுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் இருக்கிறது. மாட்டாஸ்பத்திரி டாக்டரைக் கேட்டால் அதைத்தான் போடுவார். மாட்டின்மேல் வைத்த இரக்கம் வானத்தில் இருந்த ஒரு பறவை இனத்தையே காலி செய்ததை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கும். அப்பா காலத்தில் இந்த மலைப்பக்கம் செத்த மாட்டைச் சுற்றிக் கழுகு உட்கார்ந்திருக்கும் என்பார்கள். என் பிள்ளைகள் பார்த்ததில்லை.

2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே, சட்டவிரோதமாகப் போட்ட மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன. கூட இருந்த இரண்டு குட்டிகள் தப்பின. அந்த வாரம் முழுக்கக் கடையில் அதே பேச்சு. வேலி போட்டவரை அதே கம்பியில் கட்டிப்போட வேண்டும் என்றார்கள் சிலர். கேழ்வரகு அறுக்கும் நேரத்தில் பரணில் கண்விழித்துக் கிடந்து, ஒரே ராத்திரியில் எல்லாம் போய் நின்றவர்கள், யானைக்கு அழுகிறீர்களே எங்களுக்கு யார் அழுவது என்றார்கள். எனக்கு இரண்டு பேர் பேச்சும் காதில் விழுந்தது. ஒன்று இருப்பதால் இன்னொன்று வருகிறது என்று பௌத்தம் சொல்வதை அந்த வாரத்தில்தான் நன்றாக உணர்ந்தேன். காடு சுருங்குகிறது, யானைத் தடத்தில் கட்டடம் எழுகிறது, பயிர்க்கடன் கழுத்தை நெரிக்கிறது, நஷ்ட ஈடு தாமதமாகிறது, கம்பியைக் கொக்கி போட ஒரு நிமிஷம் போதும். செய்தவர் தண்டனைக்குத் தப்பக் கூடாது. ஆனால் அவரை மட்டும் வெறுத்துவிட்டால் அடுத்த வேலியை யார் நிறுத்துவது? விட்டுவிட்டு அதிர்ச்சி மட்டும் கொடுக்கும் சூரிய மின்வேலி யானையைக் கொல்லாமல் விரட்டும். அதற்கு மானியம் கேட்டு எழுத எனக்குத் தெரிந்த விவசாயிகளுக்கு உதவினேன். கோபத்தை அந்த வேலைக்குத் திருப்பினேன் என்று சொல்லலாம்.

அம்பேத்கர் 1956 மே மாதம் பிபிசி வானொலியில் பேசியபோது, பிரக்ஞை என்கிற தெளிந்த அறிவு, கருணை, சமத்துவம் மூன்றையும் சேர்த்துத் தருவதால் பௌத்தம் தனக்குப் பிடிக்கிறது என்றார். அந்த மூன்றாவதை விட்டுவிட்டு தர்மபுரியில் உட்கார்ந்து கருணை பேசக் கூடாது. 2012 நவம்பரில் நத்தம் காலனி, அண்ணாநகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் சாதி வெறியில் எரிக்கப்பட்ட மாவட்டம் இது. சமமாக நினைக்காதவருக்குக் காட்டும் இரக்கம் பிச்சை போடுவதுதான். என் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். காலனியிலிருந்து வரும் பெரியவராக இருந்தாலும் சரி, மிராசுதாராக இருந்தாலும் சரி, எல்லோருக்கும் ‘வாங்க, உட்காருங்க’தான். சில்லறையை மேஜைமேல் போடாமல் கையில் கொடுப்பேன். வேலைக்கு இருக்கும் பையனுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன், மாத்திரைப் பெயரெல்லாம் அப்புறம். இதனால் வராமல் போன வாடிக்கையாளர்களும் உண்டு. போகட்டும்.

இப்படி நாள் முழுக்க வலிகளைக் கேட்டால் மனம் கனத்துப் போகாதா என்று மனைவி கேட்பாள். போகும். பௌத்த உரையாசிரியர் புத்தகோசர் விசுத்திமார்க்கம் என்ற நூலில், கருணைக்குத் தூரத்துப் பகை கொடுமை, பக்கத்துப் பகை துக்கத்தில் மூழ்குவது என்கிறார். கொடுமையைப் பார்த்ததும் தெரிந்துவிடும். துக்கம் கருணையின் உருவத்திலேயே வந்து உட்காரும். ஆயாவோடு சேர்ந்து நானும் அழுதால் அவருக்கு எழுதிக்கொடுக்க ஆள் இருக்காது. அந்த மாதிரி நாட்களில் ஷட்டரை இறக்கியதும் கொஞ்ச நேரம் மூச்சைக் கவனித்து உட்காருவேன். பிறகு அன்று யாருக்கு நல்லது நடந்தது என்று நினைத்துப் பார்ப்பேன். யாருக்கோ சர்க்கரை குறைந்திருக்கும், யார் பிள்ளைக்கோ காய்ச்சல் விட்டிருக்கும். பெரியப்பா சொன்ன முதிதை இதுதான். பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வது பழகினால் அடுத்த நாள் கடையைத் திறக்கத் தெம்பு வருகிறது.

கடைசியாக, இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் போர் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கட்டணம் கட்டினால் பார்த்துத் தருவார்கள். மோட்டாரைப் போட்டுச் சில நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரால் ஒரு பிளாஸ்டிக் கேனை நன்றாக அலசி, அப்புறம் நிரப்புங்கள். ஊர் பெயர், போரின் ஆழம், பிடித்த தேதி எழுதி ஒட்டுங்கள். புதுப்பல் எல்லாம் இன்னும் முளைக்காத சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டுக்காரர்கள் முதலில் செய்யுங்கள். தர்மபுரி வரை போக முடியாதவர்கள் கேனை என் கடையில் வைத்துவிட்டுப் போகலாம். செவ்வாய்க்கிழமை சரக்கு எடுக்கப் போகும்போது நானே சேர்த்துக் கொடுத்துவிட்டு வருகிறேன்.